உச்ச எண் மட்டும் போதுமா?



‘படிப்பு ஏறாதவன்’ என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட என் முன்னாள் மாணவர் ஒருவர், இன்று மோட்டார் சைக்கிள் பட்டறையில் பணிபுரிகிறார். அண்மையில் அவர் ஒரு யமஹா ஒய்15 வண்டியின் கேம் ஷாஃப்ட்டை, அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டினை, மாற்றிச் சோதித்ததைக் கண்டேன். டைனோ கருவியில் பின்சக்கரம் கனத்த உருளையைச் சுழற்ற, திறனும் முறுக்குவிசையும் வரைகோடுகளாகத் திரையில் எழுந்தன. பெட்ரோல், டயர்க் காற்று, எஞ்சின் வெப்பம் யாவும் மாறாதபடி பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு தண்டையும் மும்முறை சோதித்தார். அறிவியலில் நாம் கற்பிக்கும் மாறிகள் இவையன்றோ!

வால்வை நெடுநேரம் திறந்து வைக்கும் புதிய தண்டு, உச்சத் திறனைக் கூட்டியது. ஆனால் குறைந்த சுழற்சியில் இழுவை தளர்ந்தது.

“பந்தயத்துக்கு இது சரி, டீச்சர். தினமும் வேலைக்குப் போகிறவருக்குப் பழையதே நல்லது” என்றார்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. ஆயினும், பிள்ளைகளை ஒற்றை எண்ணால் அளக்கும் வழக்கம் நம்மைவிட்டு நீங்கவில்லை. உச்சப் புள்ளியை மட்டுமன்றி, வரைகோடு முழுவதையும் காணப் பழகுவோமாக.