குருதித் தட்டுகள்

இத்தாலி நாட்டுத் தூரின் நகரத்து அறிஞர் பிட்சொசேரோ, 1882-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், குருதியில் மிதக்கும் நுண்பொருள்களைச் சிறு தட்டுகள் என விளக்கினார். தமிழிலும் அவற்றைத் தட்டணுக்கள் என்றே வழங்குகின்றோம். பெயர் அழகியதே, ஆயினும் அவை ஓய்ந்திருக்கும் நிலைக்கே அது பொருந்தும். குருதிக்குழாயிற் புண் நேர்ந்ததும் தட்டு வடிவம் ஒழிந்து, முள்முள்ளாய்க் கிளைத்து ஒன்றையொன்று பற்றும். சொல்லாராயும் எமக்கு இதுவே முதல் வியப்பு.

இவை 2 அல்லது 3 மைக்ரோமீட்டர் அகலத்தன, உட்கரு அற்றன, எலும்பு மச்சையிலுள்ள பேரணுக்களினின்று உதிர்ந்து, 7 முதல் 10 நாள் வாழ்ந்து மறைவன. ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருத்தல் இயல்பென்பர்.

சென்ற மழைக்காலத்தில் எம் விடுதித் தோழர் ஒருவர் டெங்குக் காய்ச்சலாற் கிடந்தபோது, இவ்வெண் ஒன்றையே நாள்தோறும் வினவிக்கொண்டிருந்தோம். அவர்க்கு 22,000 ஆகக் குறைந்தும் குருதி கசியவில்லை. அடுத்த கட்டிலிற் கிடந்தவர்க்கோ 60,000 இருந்தும் பல்லீறு கசிந்தது. எண்ணே யாவும் உரைக்குமாயின் இஃது எங்ஙனம்? அந்நோயிற் குழாய்களின் தளர்ச்சியும் ஒரு காரணம் என்றார் மருத்துவர்; அன்றியும் தட்டணுக்கள் எல்லாம் ஒருதன்மையன அல்ல என்றார். அவ்வொரு சொல்லே எம்மை நூலகத்தின் அறிவியற் பகுதிக்கு ஈர்த்தது.

முன்னெல்லாம் அணுக்களைக் கலவையாய் ஆய்ந்து சராசரி கூறுவதே பெருவழக்கு. வகுப்பு முழுவதற்கும் ஒரே மதிப்பெண் இடுவது போன்றது அது! இக்காலத்துக் கருவியிலோ அணுக்கள் நீரோட்டத்தில் ஒவ்வொன்றாய்ச் செல்ல, லேசர் ஒளி அவற்றின்மேற் படுகின்றது. ஒளிரும் சாயம் பூண்ட எதிர்ப்பொருள்கள், இன்ன அணுவில் இன்ன புரதம் உண்டெனக் காட்டும். சாயத்திற்கு ஈடாக உலோக ஐசோடோப்புகளைப் பூட்டி, ஏறத்தாழ 40 இயல்புகளை ஒருங்கே அளக்கும் கருவியும் உண்டு. ஆயினும் ஓர் இடர்: குருதி எடுக்கும்போதும் கையாளும்போதும் நேரும் உறுத்தலாலேயே தட்டணுக்கள் விழித்து உருமாறக்கூடும். அயலார் வரவறிந்து முகம் மாற்றும் இவற்றின் இயல்பை அறிதல் எத்துணை அரிது!

இவ்வாறு கண்டவற்றுட் சில சுவையுடையன. கிளர்ந்தவற்றுட் சில ஒன்றோடொன்று பிணைந்து அடைப்பாகும். வேறு சில ஊதிப் பருத்து, குருதி உறைதலை விரைவாக்கும் கொழுப்பைத் தம் புறத்தே காட்டும். புதிதாய்ப் பிறந்தன ஆர்.என்.ஏ. மிகுதியும் பருமையும் உடையன, விரைந்து கிளர்வன.

ஆஸ்பிரின் ஒரு தட்டணுவை அதன் வாழ்நாள் முழுதும் முடக்கும். மருந்து உடலினின்று நீங்கிய பின்னர்ப் பிறப்பனவோ முடங்காமல் வரும். ஆகவே, பிறப்பு விரைவாயுள்ளார்க்கு அடுத்த மாத்திரைக்கு முன்னரே மருந்தின் வலி குன்றக்கூடும். எம் தந்தையார் இதய நோயின்பொருட்டு அம்மாத்திரையை நாள்தோறும் உட்கொள்கின்றார். அவர்க்கு ஆய்வுக்கூடத்தார் தரும் தாளில் எண்ணும் சராசரிப் பருமனுமே அச்சிடப்பட்டுள்ளன.