அண்ணாச்சியின் முட்டைக் கணக்கு

கைலாசபுரத்தில் ‘டிகிரி’ என்றால் பி.ஏ., பி.காம். என்று யாரும் நினைக்க மாட்டார்கள். 540 டிகிரி நீராவிதான் ஞாபகத்துக்கு வரும். 1965-ல் செக்கோஸ்லோவாகியா உதவியோடு திருச்சியில் எழுந்தது பெல் கொதிகலன் ஆலை. அதன் ஊழியர்களுக்காகவே உருவான டவுன்ஷிப்தான் கைலாசபுரம். செக்டர் செக்டராக ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ், வரிசையாக மரங்கள், ஷிஃப்ட் நேரத்துக்கு ஊரே ஒரே திசையில் நகரும். இப்பேர்ப்பட்ட ஊரில் என் மாதிரி பி.காம். பட்டதாரிகள் எல்லாம் ரூம் டெம்பரேச்சர் ஆசாமிகள்.

இந்த ஊருக்கும் தூத்துக்குடிக்கும் பல வருஷமாக ஒரு பண்டமாற்று நடக்கிறது. 1979-ல் ஓடத் தொடங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்குக் கொதிகலன்கள் போனது இங்கிருந்து. பதிலுக்கு அங்கிருந்து வருவது மக்ரூன். ஸைட்டுக்குப் போன இன்ஜினீயரோ, மாமியார் வீட்டுக்குப் போன கிளார்க்கோ, கையில் பாக்கெட் இல்லாமல் திரும்பி வந்து ஆபீஸில் கால் வைக்க முடியாது. பத்து மணிக்குப் பிரித்தால் பத்தேகாலுக்குக் காலி. அடியில் மிஞ்சும் தூளுக்கு ஸீனியாரிட்டி பார்ப்பார்கள்.

மக்ரூன் சாப்பிட்டிராத துர்பாக்கியசாலிகளுக்கு: கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு குட்டிக் கோபுரம். வெள்ளையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் ஒரு நிறம். உச்சியில் சின்னதாக ஒரு குடுமி. கடித்தால் ‘நொறுக்’. அடுத்த நொடி கரைந்துபோய், சாப்பிட்டோமா இல்லையா என்று சந்தேகம் வரும். சந்தேகத்தைத் தீர்க்க இன்னொன்று. பாரிஸில் இரண்டு வட்டங்களுக்கு நடுவே கிரீம் தடவி, பலவிதக் கலரில் விற்கிறார்களே, அது இதற்குப் பங்காளி முறை. இதைவிட விலை ஜாஸ்தி. வேறு உயர்வு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முத்துநகர் எக்ஸ்பிரஸ் திருச்சிக்கு வருவது நடுராத்திரி. ஏறிப் படுத்தால் மதுரை, கோவில்பட்டி எல்லாம் தூக்கத்தில் போய்விடும். (கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைத் தூங்கிக்கொண்டே கடப்பது மரியாதை இல்லைதான். என்ன செய்வது!) வாஞ்சி மணியாச்சியில் முழிப்பு வந்துவிடும். 1911 ஜூன் 17-ம் தேதி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது இந்த ஜங்ஷனில்தான். ஆஷ் கதையின் முதல் அத்தியாயம் இங்கிருந்து கிளை பிரிந்து போகும் தூத்துக்குடியில் இருக்கிறது. அதில் ஒரு மில்லும் வருகிறது.

தூத்துக்குடி என்றதும் துறைமுகம், உப்பு, முத்து என்பார்கள். மில் ஊர் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். ஹார்வி சகோதரர்கள் நடத்திய கோரல் நூற்பாலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. விடியற்காலை உள்ளே போனால் இருட்டிய பிறகு வெளியே. சின்னப் பையன்களுக்கும் அதே கதி. வார விடுமுறை கிடையாது. 1908 பிப்ரவரி 27-ம் தேதி தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கொழும்புக்குக் கப்பல் விட்டு வெள்ளைக்கார கம்பெனிக்கு வயிற்றெரிச்சல் தந்துகொண்டிருந்த வ.உ.சி.யும், கூடவே சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். பத்து நாளுக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. சம்பளம் உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. அடுத்த வாரமே, மார்ச் 12-ம் தேதி, வ.உ.சி. கைதானார். சப்-கலெக்டராக இருந்தவர் ஆஷ். மிச்சக் கதை, கோயமுத்தூர் ஜெயில் செக்கு உட்பட, உங்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வரை போர்வைக்குள் கிடக்கும் ஆபீஸ் நண்பர்கள், ஒரு தடவை எழுந்து தெற்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளலாம்.

நான் போனது பெரிய பேக்கரிக்கு இல்லை. கணேஷ் பேக்கரி, தனலட்சுமி பேக்கரி என்று ஆட்டோக்காரரே சொல்லும் பேர்கள் இருக்கின்றன. என் ஆபீஸ் நண்பர் ஒருவர் கைகாட்டியது ஒரு சந்துக் கடை. முன்னால் கண்ணாடி அலமாரி, நடுவில் வீடு, பின்னால் விறகு அடுப்பு. மூன்று தலைமுறை. “பேரெல்லாம் போட வேண்டாம் தம்பி. பெறகு கூட்டம் வந்துச்சுன்னா யாரு போட்டுக் குடுக்க?” என்றார் அண்ணாச்சி. விளம்பரத்தைக் கண்டு பயப்படும் வியாபாரியை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

சரக்கு மூன்றே மூன்று. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. மைதா கிடையாது; வெண்ணெய், நெய் எதுவும் கிடையாது. (முந்திரியை அங்கே அண்டிப்பருப்பு என்கிறார்கள்.) முட்டையை உடைத்து, ஓட்டின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு மஞ்சள்கருவை மாற்றி மாற்றி, வெள்ளையை மட்டும் கீழே வழிய விடுகிறார் அண்ணாச்சியின் வீட்டம்மா. பேசிக்கொண்டே, டி.வி. பார்த்துக்கொண்டே செய்கிறார். ஆனால் ஒரு சொட்டு மஞ்சள் கலந்தாலும் போச்சு. மஞ்சளில் கொழுப்பு உண்டு; கொழுப்பு பட்டால் நுரை நிற்காது. அதனால் ஒவ்வொரு முட்டையும் முதலில் தனிக் கிண்ணத்தில். பாஸானால் பெரிய பாத்திரத்துக்குப் பிரமோஷன்.

அடிக்கிற வேலைக்கு இப்போது மெஷின் இருக்கிறது. சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடிக்க அடிக்க, சளசளவென்று கிடந்த சமாசாரம் பஞ்சுப் பொதி மாதிரி எழும்புகிறது. பாத்திரத்தை அண்ணாச்சி என் தலைக்கு மேலே கொண்டுவந்து கவிழ்த்தார். நான் பின்வாங்கினேன். ஒரு பொட்டு விழவில்லை. “இதான் பதம்” என்றார். விழுந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்கவில்லை.

அப்புறம்தான் முந்திரிப் பொடி. முந்திரியிலும் எண்ணெய் இருக்கிறதே, நுரைக்கு அதுவும் எதிரிதான். ஆகவே கடைசியில், கையால், குழந்தையைப் புரட்டிப் போடுகிற மாதிரி. இங்கே மெஷினுக்கு வேலை இல்லை. பேப்பர் கூம்பில் நிரப்பி, தட்டில் பிழிந்து, வெடுக்கென்று மேலே இழுக்கிறார். குடுமி வந்துவிடுகிறது. நானும் நாலைந்து போட்டேன். குடுமி வரவில்லை, வழுக்கைதான் வந்தது.

அடுப்பு விவகாரம்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது. கொதிகலனில் சூட்டை ஏற்றுவது வித்தை. இங்கே சூடு இறங்குவதற்குக் காத்திருப்பது வித்தை. சாயங்காலம் விறகைப் போட்டு அடுப்பைப் பழுக்க வைத்து, முதலில் ரொட்டி, பன். மில் ஷிஃப்ட்டை நம்பி அண்ணாச்சியின் தாத்தா ஆரம்பித்த அயிட்டங்கள் அவை. பிறகு கேக், பிஸ்கட். எல்லாம் முடிந்து கங்கை வாரி வெளியே தள்ளியபின், சுவரில் மிச்சமிருக்கும் வெக்கையில் மக்ரூன் தட்டு உள்ளே போகும். விடிய விடிய உள்ளேயே கிடக்கும். நூறு டிகிரியைத் தாண்டி ரொம்ப மேலே போனால் பழுப்பாகிவிடும். குறைந்தால் நடுவில் பிசுக்கென்று இருக்கும். மானி, மீட்டர் எதுவும் கிடையாது. அண்ணாச்சி அடுப்பு வாயில் முழங்கை வரை நீட்டி, உதட்டுக்குள் எண்ணுகிறார். எத்தனை எண்ணினால் சரி என்று கேட்டேன். “அது மழைக்காலத்துக்கு வேற, வெயில்காலத்துக்கு வேற” என்று சொல்லிவிட்டு, எண்ணிக்கையைச் சொல்லாமலே போய்விட்டார்.

கடலோர ஊர், காற்றில் ஈரம், சர்க்கரையோ ஈரத்தைக் கண்டால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் ஜாதி. ஆறியவுடன் காற்றுப் புகாமல் அடைக்காவிட்டால் மத்தியானத்துக்குள் மக்ரூன் நமத்துப்போகும். அடைத்துவிட்டால் வாரக்கணக்கில் தாங்கும். தாங்காமல் போவது நாம்தான்.

இதைப் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தார்கள் என்கிறார்கள். முந்திரியை பிரேஸிலிலிருந்து கொண்டுவந்தது அவர்கள்தான், சந்தேகமில்லை. ஐரோப்பாவில் மக்ரூனுக்குப் பாதாம் போடுவார்கள். இங்கே அந்த இடத்தில் முந்திரி. ஆனால் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தது 1658-ல். அதிலிருந்து இன்றுவரை மக்ரூன் விட்டுப்போகாமல் வந்தது என்பதற்கு வவுச்சர் எங்கே என்று கேட்கிறது பி.காம். புத்தி. ஒரே ஒரு வவுச்சர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இலங்கைத் தமிழில் ரொட்டிக்குப் ‘பாண்’, அதைச் சுடும் அடுப்புக்குப் ‘போறணை’. இரண்டுமே போர்த்துக்கீசியச் சொற்கள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் போக்குவரத்து நெடுங்காலம் இருந்தது. கைப்பக்குவத்துக்குக் கப்பலில் டிக்கெட் கேட்க மாட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. போர்ச்சுகலில் கன்னிமாடங்களில் முட்டை வெள்ளையை உடுப்புக்குக் கஞ்சி போட உபயோகித்தார்கள். மிஞ்சிய மஞ்சளை என்ன செய்வது என்று யோசித்ததில்தான் அந்த ஊரின் பேர்பெற்ற இனிப்புகள் பல பிறந்தன. தூத்துக்குடியில் நேர் தலைகீழ்: வெள்ளை மக்ரூனுக்கு, மிஞ்சும் மஞ்சள் கேக்குக்கு. காஸ்ட் அக்கவுண்டன்ஸியில் இதற்கு ‘பை-பிராடக்ட்’ என்று பேர். எங்கள் புரொபஸர் ஒரு செமஸ்டர் முழுக்க மன்றாடிய விஷயத்தை அண்ணாச்சியின் வீட்டம்மா இரண்டு கிண்ணங்களில் முடித்துவிட்டார்.

கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். (பழக்க தோஷம்.) முட்டை, நாமக்கல் தினசரி விலைப்படி. சர்க்கரை. அண்டிப்பருப்பில் உடைசல் ரகம். பொடிக்கப் போகிற பருப்பு முழுசாக இருந்து யாருக்கு லாபம்? விறகு. கவர். உதவிக்கு நிற்கும் இரண்டு பையன்களின் வாரக்கூலி. எல்லாம் பைசா சுத்தமாக இருந்தது. அண்ணாச்சி சம்பளம் இல்லை. வீட்டம்மா சம்பளம் இல்லை. ராத்திரி அடுப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும் தம்பியின் சம்பளமும் இல்லை. வீட்டின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் அடுப்புக்கு வாடகையும் இல்லை.

“உங்களுக்கு என்ன கூலி அண்ணாச்சி?”

“எனக்கு எதுக்கு கூலி? மிஞ்சுறது எனக்குத்தான?”

“மிஞ்சுதா?”

“மிஞ்சும். மழைக்காலம் போகட்டும், பாத்துக்கிடுங்க.”

சரி, ஞாயிற்றுக்கிழமையாவது அடைப்பீர்களா என்று கேட்டேன். மில் ஸ்டிரைக்கை மனசில் வைத்துக்கொண்டுதான். சிரித்துவிட்டார். “அவியளுக்கு லீவு வந்தாத்தான தம்பி நமக்கு யாவாரம்!”

அந்த மக்ரூன் அந்த விலைக்குக் கிடைப்பதன் ரகசியம் முந்திரியிலோ அடுப்பிலோ இல்லை, அந்த எழுதாத கூலியில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இப்படியே எத்தனை நாள் ஓடும் என்பதற்கு அந்த வீட்டிலேயே ஒரு ஆள் கணக்குப் போட்டிருந்தது. அண்ணாச்சியின் மகள். பி.காம். மூன்றாம் வருஷம் (நம்ம ஜாதி!). கம்ப்யூட்டரில் காஸ்ட் ஷீட் தயார் செய்து, பிரிண்ட் எடுத்து, கல்லாவுக்கு மேலே சாமி படத்தின் பின்னால் செருகி வைத்திருக்கிறது. அப்பாவுக்கு ராத்திரி ஷிஃப்ட் மாஸ்டர் சம்பளம், அம்மாவுக்கு, சித்தப்பாவுக்கு, வாரம் ஒருநாள் லீவு, அடுப்புக்குத் தேய்மானம்... ஒன்றையும் விடவில்லை. அதன்படி கிலோ விலையை உடனே ஏற்றியாக வேண்டும். நான் ஆடிட்டர் தோரணையில் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். தப்பே இல்லை.

“படிச்சு முடிச்சு நீ கடையைப் பாத்துப்பியாம்மா?”

“எனக்கும் சம்பளம் எழுதினா பாப்பேன் ஸார். இல்லைன்னா திருநெல்வேலியில ஆடிட்டர் ஆபீஸ்ல கேட்டு வெச்சிருக்கேன்” என்றாள் பளிச்சென்று.

விலையை ஏற்றினால் ஆபீஸில் பாக்கெட்டின் சைஸ் சிறுக்கும். சிறுக்கட்டும், ஏற்றுங்கள் என்றுதான் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் அந்தக் காகிதத்தை உருவி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிப் படித்தார். எத்தனையாவது தடவையோ, மடிப்பெல்லாம் நைந்திருந்தது. மறுபடி சாமிக்குப் பின்னால் செருகினார்.

“எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கா தம்பி. என் சம்பளத்த மட்டும் கொஞ்சம் கூடப் போட்டுட்டா.”