சுங்காய் மாமாவும் லங்காவிப் படகும்

சுங்காயில் கடல் கிடையாது. செம்பனை, பழைய ரப்பர் தோட்டங்கள், வெந்நீர் ஊற்று, இவைதான். அங்கிருந்துகொண்டு பாய்மரப் படகு வாங்கப் போவதாகச் சொன்னார் மாமா. லுமுட் கடற்படைத் தளத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணத்தில் பாதியை அதற்கென்றே எடுத்து வைத்திருந்தார். "நீதான் ரேடியோவுல பேசுறவளாச்சே, பேரம் பேச வாம்மா" என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

கோல கெடா வரை கார், பிறகு ஃபெர்ரி. லங்காவியில் படகு வெள்ளை வெளேரென்று நின்றது. 30 அடி. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

மாமா அசையவில்லை. கூலி கொடுத்துப் படகைக் கரையேற்றச் சொன்னார். அடிப்பகுதியை விரலால் தட்டிக்கொண்டே போனார். "பலாப்பழம் மாதிரிதான்மா. சத்தம் மாறினா உள்ளே விஷயம் இருக்கு." இரண்டு இடங்களில் சத்தம் மாறியது. ஃபைபருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்றார், உடன் வந்த படகுப் பரிசோதகர்.

பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் பளபளத்தன. ஆனால் அவற்றைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாற்ற வேண்டுமாம். கடைசியாக மாற்றியதற்கு ரசீது இல்லை.

ஊருக்குக் கொண்டு வருவது இன்னொரு கணக்கு. லுமுட்டுக்குச் சுமார் 130 கடல் மைல். மணிக்கு ஐந்து மைல் போனால் ஒரு நாளுக்கு மேல் ஆகும். இரவில் மீன்வலைகளுக்கு நடுவே ஓட்ட வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலை 'சுமத்ரா' புயற்காற்று வேறு. டிசம்பர் முதல் மார்ச் வரைதான் நம் பக்கக் கடல் சாது. லோரியில் ஏற்றலாமென்றால் பாய்மரத்தைக் கழற்ற வேண்டும். இரு முனையிலும் கிரேன் கூலி.

லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு. அங்கே வாங்கியதைப் பெருநிலத்துக்குக் கொண்டு வந்தால் வரி உண்டா என்று பணம் கொடுக்கும் முன்பே சுங்கத்துறையில் கேட்டுவிட வேண்டும்.

கடைசியாகப் பத்திரம். அதில் இருந்தது விற்பவர் பெயரல்ல. "அண்ணன் பெயர்தான், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றார் அவர். மாமா கோப்பை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் பேரம் பேச வேண்டிய வேலையே வரவில்லை.

திரும்பும் ஃபெர்ரியில், "கரையேற்றினது, பரிசோதகர் கூலின்னு ஆயிரக்கணக்குல போச்சே மாமா" என்றேன்.

"ஆயிரத்தோட போச்சேன்னு நினைம்மா."

சுங்காய் டோலைத் தாண்டும்வரை அவர் வேறெதுவும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் கேட்டார்: "லுமுட்டுலயே ஒண்ணு இருக்காம். அடுத்த ஞாயிறு லீவா?"