பழைய வேனும் பாஸ்கல் விதியும்



என்னிடம் அறிவியல் படித்த பையன் ஒருவன் இங்கிலாந்தில் இருக்கிறான். 1965 மாடல் ஃபோக்ஸ்வாகன் வேன் வாங்கிச் சரிசெய்து வருகிறான். கோடை விடுமுறைக்கு மனைவி, குழந்தைகளோடு வேல்ஸ் மலைப்பக்கம் போகப் போகிறானாம். "சார், முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டால் போதுமா?" என்று கேட்டிருக்கிறான். எல்லோருக்கும் பயன்படுமே என்று பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

டிஸ்க் நல்லதுதான் தம்பி. மலை இறக்கத்தில் டிரம் சூடேறி விரிந்து, உள்ளிருக்கும் ஷூவை விட்டு விலகும். பெடல் ஆழமாக இறங்கும். டிஸ்க் காற்றுபட இருப்பதால் சீக்கிரம் ஆறும். அந்த நிறுவனமே 1971 மாடலில் முன்பக்கம் டிஸ்க்குக்கு மாறியது. ஆனால் அந்தச் சக்கரங்களின் போல்ட் வட்டம் 112 மி.மீ.; உன்னுடையது 205. அப்படியே மாட்ட முடியாது, உன் மாடலுக்கென வரும் கிட்தான் வேண்டும்.

இருந்தாலும் முதல் செலவு அதுவல்ல. உன் வேனின் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. அடைபட்ட திரவத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்று படித்தோமே, அதில் 'அடைபட்ட' என்ற சொல்தான் உயிர். ஒரே ஒரு சக்கரத்தின் ரப்பர் ஹோஸ் வெடித்தாலும் திரவம் வெளியேறும், நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. அப்போது டிஸ்க் இருந்து என்ன பயன்?

ஆகவே முதலில் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் போடு. முன்சக்கரங்களுக்கு ஓர் அறை, பின்சக்கரங்களுக்கு ஓர் அறை. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். வண்டி சற்றுத் தள்ளியாவது நிற்கும். கூடவே பழைய ஹோஸ், பைப் எல்லாவற்றையும் மாற்று. டிஸ்க் அதற்குப் பிறகு.

பிரேக் ஆயிலும் முக்கியம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் ஆவி வரும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் மிதிபடும், வண்டி நிற்காது.

வேலை முடிந்ததும் காலியான இடத்தில் தனியாக ஓட்டிப் பார். இன்சூரன்ஸ்காரர்களிடமும் சொல்லிவிடு. அப்புறம் பிள்ளைகளை ஏற்று.

மற்றவர்களே, உங்கள் வண்டியில் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? இரண்டு வருடம் தாண்டியிருந்தால் இந்த வாரமே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.