செலவு என்றொரு சொல்

சங்கப் பாடல்களில் ‘செலவு’ என்றால் பயணம். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் வாட்டம் கண்டு பயணத்தைத் தள்ளிப்போடுவதைச் ‘செலவழுங்கல்’ என்பார்கள். அவ்வாறு தயங்குவது போகாமல் இருந்துவிடுவதற்கன்று, உடனிருப்பவரைத் தேற்றிவிட்டுப் போவதற்கே என்று தொல்காப்பியர் தெளிவுபடுத்துகிறார். பிற்காலத்தில் அதே சொல் கையைவிட்டுப் போகும் பணத்துக்கும் பெயராயிற்று. வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லிவந்த இப்பொருள்மாற்றத்தை, ஐரோப்பியப் பயணம் ஒன்றுக்குக் கணக்கெழுத உட்கார்ந்தபோதுதான் நாங்கள் உள்ளபடியே உணர்ந்தோம்.

எங்கள் வீட்டில் இருவருமே கல்லூரி ஆசிரியர்கள். ஏழாண்டுகளாகத் தொடர்வைப்பில் சேர்ந்த தொகை ஆறு லட்ச ரூபாய். 2025ஆம் ஆண்டு மே விடுமுறையைக் குறிவைத்துப் பயண நிறுவனம் ஒன்றை அணுகினோம். எட்டு நாள், ஐந்து நாடுகள், தலைக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் என்றார்கள். ஆறை இரண்டால் வகுத்தால் மூன்று. வீட்டில் நாங்களோ நால்வர். பதினொன்றாம் வகுப்பை முடித்த மகளும், எழுபத்தாறு வயதான எங்கள் அப்பாவும் எங்களோடு இருக்கிறார்கள்.

வகுத்தலின் விடையை நாங்கள் சொல்வதற்கு முன்பே அப்பா சொல்லிவிட்டார். “என்னை எதுக்குக் கணக்குல சேர்க்கிறீங்க? மூணு பேரும் போயிட்டு வாங்க. வீட்டைப் பார்த்துக்க ஆள் வேணும்ல.”

அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். விக்தோர் ஹ்யூகோவின் பெருநாவலைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்தாரல்லவா, அந்த நூலைப் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து எத்தனை முறை படித்திருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. பாரிஸுக்குப் போக விரும்புவதாக ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்நகரின் பெயரை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர்தான்.

பல நாள் தயங்கியபின் கணக்கை வேறுவிதமாக எழுதிப்பார்த்தோம். அயல்நாட்டுப் பயணத்தின் செலவு மூன்று வகைப்படும். ஒன்று, தலைச்செலவு: விமானச் சீட்டு, விசா, காப்பீடு ஆகியவை. எத்தனை நாள் தங்கினாலும் இவை பெரிதாக மாறா. இரண்டாவது, நாட்செலவு: உறைவிடமும் உணவும். மூன்றாவது, நகர்செலவு: ஊர்விட்டு ஊர் போகும் ரயில், பேருந்து, ஒவ்வோர் ஊரிலும் புதிதாக எடுக்கும் அறை, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு திரிவதில் பாழாகும் அரைநாள்கள். முதலிரண்டையும் ஓரளவுக்குமேல் குறைக்க இயலாது. மூன்றாவதையோ முற்றாக நீக்கிவிடலாம். ஊர்களைக் குறைத்தால் ஓர் ஆளைக் கூட்டலாம் என்பது அப்போதுதான் புலப்பட்டது. ஐந்து நாடுகளை அடித்தோம், ஒரு நகரம் எஞ்சியது.

விமானச் சீட்டு, வளைகுடா வழியாக, நால்வருக்கும் இரண்டு லட்சத்து அறுபதாயிரத்தைத் தாண்டியது. ஷெங்கன் விசாவுக்குப் பன்னிரண்டு வயதைக் கடந்தவர் ஒவ்வொருவருக்கும் 90 யூரோ. யூரோ அப்போது ஏறத்தாழ 96 ரூபாய். விசா மறுக்கப்பட்டாலும் இத்தொகை திரும்பாது. ஆகவே அறையை, ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் மட்டுமே பதிவு செய்தோம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு ஈடளிக்கும் காப்பீடு கட்டாயம். அதில் எங்கள் மூவருக்கும் ஆன தொகையைவிட அப்பா ஒருவருக்கு ஆனது அதிகம். அந்த வரியை அவர் கண்ணில் படாமல் மறைத்தே வைத்திருந்தோம்.

தங்கியது புறநகரில், சமையலறை உள்ள இரண்டு அறைகளில். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கூடவே வந்தன. பாரிஸின் வாரப் பயண அட்டை அவ்வாண்டு 31.60 யூரோ. விமான நிலையம், புறநகர் எல்லாவற்றுக்கும் அதுவே செல்லும். வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்றில்லாமல், திங்கள் முதல் ஞாயிறு வரை என்பதே அதன் கணக்கு. ஆதலால் திங்களன்று இறங்கி ஞாயிறன்று புறப்படுமாறு நாள் குறித்தோம். கடைகளில் அட்டையைத் தேய்க்கும்போது ரூபாயிலா, யூரோவிலா என்று கருவி கேட்டால் யூரோ என்பதே சிக்கனமான விடை. ரூபாய் என்றால் மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் வங்கி தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளும். உணவகத்தில் புட்டித் தண்ணீர் வாங்கவேண்டியதில்லை, உண்பவருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவது அங்கே சட்டம். தெருக்களில் 1872 முதல் ரிச்சர்ட் வாலஸ் அமைத்துத் தந்த பச்சைநிறக் குடிநீர் ஊற்றுகள் இருக்கின்றன. நம்மூர்த் தண்ணீர்ப் பந்தலின் உறவு என்றார் அப்பா.

லூவர் அருங்காட்சியகத்துக்கு அப்போது 22 யூரோ. பதினெட்டு நிறையாதவருக்குக் கட்டணமில்லை. (2026 ஜனவரியில் ஐரோப்பியப் பொருளாதார வட்டத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு அது 32 யூரோ ஆக்கப்பட்டது.) அப்பா அங்கே வர மறுத்தார். மொத்தப் பட்டியலிலும் அவர் கேட்டுச் சேர்த்த வரி ஒன்றே ஒன்று: அல்மா பாலத்தருகே உள்ள சாக்கடை அருங்காட்சியகம். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். காயம்பட்ட இளைஞனைத் தோளில் சுமந்துகொண்டு கதைநாயகன் நடந்தது இந்நகரின் சாக்கடை வழியாகத்தான் என்று அவர் சொன்னதும் சிரிப்பு நின்றது. நிலத்தடியில், ஓடும் நீரின் இரைச்சலுக்கிடையே அந்த அத்தியாயத்தை அவர் அவளுக்குச் சொல்லிக்கொண்டு போனார். நாங்கள் சற்றுப் பின்தங்கி நடந்தோம்.

வோழ் சதுக்கத்தில் ஹ்யூகோ 1832 முதல் 1848 வரை குடியிருந்த வீட்டின் நிரந்தரக் காட்சியறைகளுக்குக் கட்டணம் இல்லை. 2019இல் தீக்கிரையாகி 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர்தாம் பேராலயத்துக்கும் அப்படியே. அப்பா மெல்ல நடப்பவர். ஓரிடத்தில் உட்கார்ந்தால் எழ மனம் வராதவர். கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் அவரால் ஒருநாள்கூட ஓடியிருக்க முடியாது. ஒரே நகரம் என்றதால் அவருடைய நடையே எங்கள் நால்வரின் நடையாயிற்று.

ஊர் திரும்பிக் கூட்டிப் பார்த்தபோது ஐந்தேகால் லட்சத்துக்குள் அடங்கியிருந்தது. ஆல்ப்ஸ் மலையைப் பார்க்கவில்லையா, வெனிஸ் போகவில்லையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லைதான். அவை அங்கேயே இருக்கும். எழுபத்தாறு வயது அப்படி இருக்காது. பயணக் கணக்கு எழுத உட்காரும் நண்பர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றுதான் உண்டு: முதல் வரியில் ஊர்களின் பெயரை எழுதாதீர்கள், உடன்வருவோரின் பெயரை எழுதுங்கள். ஊர்களைப் பிறகு அடித்துத் திருத்திக்கொள்ளலாம்.