தேரடியில் கேட்கும் சுத்த மத்திமம்

திருவொற்றியூர் தேரடி மெட்ரோ நிலையத்திலிருந்து படியிறங்கி வெளியே வந்தால் முதலில் வரவேற்பது சத்தம்தான். நெடுஞ்சாலையில் பேருந்து ஹாரன். கடலோரம் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் உறுமல். புல்லட் மோட்டார் சைக்கிளை 1950களிலிருந்தே தயாரித்த ஊர் இது. எம்.ஆர்.எஃப். டயர், விம்கோ தீப்பெட்டி, வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட் என்று ஆலைகளின் பட்டியலும் நீளும்.

இத்தனை இரைச்சலுக்கும் நடுவே, மாசித் திருவிழா நாட்களில் ஒரு கருவி மட்டும் எல்லாவற்றையும் தாண்டிக் காதுக்கு வந்து சேர்கிறது. தியாகராஜ சுவாமி கோயில் வீதியில் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் செல்லும் நாகஸ்வரம். ஒலிபெருக்கி எதுவும் தேவைப்படாத ஒலி அது.

கோயிலைப் பற்றிப் பலருக்கும் தெரியும். புற்று வடிவான ஆதிபுரீஸ்வரரின் மேலிருக்கும் கவசத்தைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டுமே களைவார்கள். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த மகிழமரக் கதை நடந்த தலம். பட்டினத்தார் சமாதி கடற்கரைப் பக்கம் இருக்கிறது. இவற்றைப் பார்த்துவிட்டு வடிவுடையம்மன் சந்நிதிக்கு வந்தால், அங்கே இசை சம்பந்தப்பட்ட ஒரு சங்கதி காத்திருக்கிறது.

இந்த அம்மனுக்குத் திரிபுரசுந்தரி என்றும் பெயர். திருவையாறு தியாகராஜர் தன் சீடர் வீணை குப்பய்யரின் அழைப்பில் இந்தப் பக்கம் வந்தபோது, இவள் மீது ஐந்து கிருதிகள் பாடினார். திருவொற்றியூர் பஞ்சரத்னம் என்பார்கள். ராகங்களை வரிசையாகச் சொன்னால்: ஆரபி, பேகடா, கல்யாணி, சுத்தசாவேரி, சாவேரி. சங்கீதம் கற்றவர்கள் உடனே ஒன்றைக் கவனிப்பார்கள். கல்யாணி ஒன்றுதான் பிரதி மத்திம ராகம். மற்ற நான்கும் சுத்த மத்திமத்தில் நிற்பவை.

அதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? ச ரி க ம என்பதில் வரும் அந்த ‘ம’வுக்கு இரண்டு இடங்கள் உண்டு. கீழே இருப்பது சுத்த மத்திமம், சற்று மேலே இருப்பது பிரதி மத்திமம். பாடுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான், தொண்டை போகும். வீணைக்காரருக்கு இரண்டுக்கும் தனித்தனி மெட்டு உண்டு. பழைய நாகஸ்வரத்துக்குத்தான் இது தலைவலி. சுத்த மத்திமம் துல்லியமாக அதில் விழாது. வாசிப்பவர் துளையை அரைகுறையாக மூடி, மூச்சை அடக்கிச் சரிக்கட்ட வேண்டும். வித்வான்கள் அதை மறைத்து வாசித்தார்கள். கேட்டவர்களுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். வாசித்தவருக்குத் தெரியும்.

திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்கு (1898 - 1956) அது பொறுக்கவில்லை. தோடியை மணிக்கணக்கில் வாசித்த மனிதர். தோடியும் சுத்த மத்திம ராகம்தான். அந்தக் காலத்தில் புழக்கத்தில் இருந்தது திமிரி. ஒன்றரை அடி நீளம், கீச்சென்ற உச்ச சுருதி. ஊர்வலத்துக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் உட்கார்ந்து கேட்கும் கச்சேரிக்கு, பாட்டுக்காரரின் குரல் போலக் கீழிறங்கிக் குழைகிற கருவி அவருக்குத் தேவைப்பட்டது.

அவர் போய் நின்ற இடம் நரசிங்கம்பேட்டை. திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஊர். அங்கே நாகஸ்வரம் செய்துகொண்டிருந்தவர் ரங்கநாதன் ஆசாரி.

ஆசாரி செய்தது சின்னத் திருத்தம் இல்லை. குழலை இரண்டரை அடிக்கு மேல் நீட்டினால் சுருதி இறங்கும். ஆனால் துளைகளின் இடமும் அகலமும் ஒவ்வொன்றாக மாறும். உள்ளே ஓடும் துவாரம் மேலே குறுகிக் கீழே விரிய வேண்டும். அந்த விரிவில் மயிரிழை பிசகினால் ஒரு ஸ்வரம் சரியாகும், இன்னொன்று கெடும். செய்து, ஊதிப் பார்த்து, மறுபடி செய்து, கடைசியில் சுத்த மத்திமம் சுத்தமாகவே பேசும் பாரி நாகஸ்வரத்தை அவர் கொடுத்தார். இன்று மங்கல மேடைகளிலும் கச்சேரிகளிலும் நாம் பார்க்கும் நீளமான நாகஸ்வரம் அந்த வழியில் வந்ததுதான்.

கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தால் இன்னும் ரசமானது. நடுவில் இருக்கும் நீண்ட மரக்குழல் உலவு. கீழே புனல் போல விரிவது அணைசு. மேலே சீவாளியைச் செருகும் சிறு உலோகக் குழாய் கெண்டை. சீவாளி என்பது காவிரிக் கரையில் விளையும் நாணல் தட்டையில் செய்வது. வித்வான்கள் நாலைந்து சீவாளிகளை நூலில் கோத்துக் கருவியிலேயே தொங்கவிட்டிருப்பார்கள். விரல் வைக்கும் துளைகள் 7. அவற்றுக்குக் கீழே இன்னும் 5 துளைகள் இருக்கும், விரலே படாதவை. அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றில் மெழுகை அடைத்தும் எடுத்தும்தான் சுருதியை நூலிழையாகச் சரிசெய்கிறார்கள்.

மரம் ஆச்சா. அதுவும் புது மரம் ஆகாது, வெடிக்கும், வளையும். பல பத்தாண்டுகள் ஒரு வீட்டின் உத்தரமாகவோ தூணாகவோ நின்று, ஈரமெல்லாம் வற்றிய மரம்தான் கடைசல் பட்டறைக்கு ஏறும். அணைசுக்கு மட்டும் வாகை.

இங்கே ஒரு நிமிடம் கடல் தாண்டிப் போய்வரலாம். சென்னை போலவே துறைமுகத்தால் வளர்ந்த நகரம் ஜெர்மனியின் ஹாம்பர்க். அங்கே ஆர்ப் ஷ்னிட்கர் (1648 - 1719) என்று ஓர் ஆர்கன் ஆசாரி இருந்தார். தேவாலயங்களில் சுவர் உயரத்துக்கு நிற்கும் குழாய் ஆர்கனைச் செய்தவர். அவர் வேலையும் காற்று, துளை, மரம், உலோகம்தான். ஹாம்பர்க்கின் செயின்ட் யாக்கோபி தேவாலயத்தில் 1693இல் அவர் முடித்த ஆர்கனில் சுமார் 4,000 குழாய்கள். அவர் இறந்த மறு வருடம், அதை வாசிக்கும் வேலைக்கு விண்ணப்பித்தவர்களில் இசைமேதை பாக் ஒருவர். முதல் உலகப்போரில் முன்வரிசைக் குழாய்களை உலோகத்துக்காகப் பிடுங்கிக்கொண்டார்கள். இரண்டாம் போரில் மற்ற குழாய்களைக் கழற்றி ஒளித்து வைத்ததால், 1944இல் தேவாலயம் எரிந்தும் அவை பிழைத்தன. 1993இல் மீண்டும் முழுமையாக ஒலிக்கத் தொடங்கியது. ஷ்னிட்கர் செய்த இன்னோர் ஆர்கன் கப்பலேறி பிரேசில் வரை போய், மரியானா நகரத் தேவாலயத்தில் இருக்கிறது. செய்தவரின் பெயரைச் சொல்லியே அந்த ஆர்கன்களைத் தேடிப் போகிறார்கள் ரசிகர்கள்.

நம் ஊரில் ராஜரத்தினம் பிள்ளையைத் தெரியாத சங்கீத ரசிகர் இல்லை. ரங்கநாதன் ஆசாரியைத் தெரிந்தவர்கள், நாகஸ்வரம் வாசிப்பவர்களைத் தவிர்த்தால், மிகக் குறைவு. ஆர்கன் போலச் சுவரோடு நிற்கிற கருவி இல்லையே நாகஸ்வரம்! வாசிப்பவரோடு வீதியில் அலைந்து, வெயிலும் எச்சில் ஈரமும் பட்டு, அவரோடேயே வயதாகிறது. சபை வாழ்த்திதழில் வித்வான் பெயர் இருக்கும், தவில்காரர் பெயர் இருக்கும். கடைந்தவர் பெயருக்கு அதில் இடம் வைக்கத் தோன்றவில்லை யாருக்கும்.

2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயருக்குக் கிடைத்த மரியாதை, சந்தோஷம்தான். ஆனால் தொழிலில் இருப்பவை சில குடும்பங்களே. கல்யாண மண்டபங்களில் செண்டை மேளம் வந்துவிட்டது, பல இடங்களில் பதிவு செய்த மங்கல இசையோடு சடங்கு முடிகிறது. வாசிப்பவர் குறைந்தால் செய்பவர் குறைவார். கூடவே மரமும் எளிதில் கிடைப்பதில்லை.

பார்க்கப் போக வேண்டும் என்று தோன்றினால் வழி சுலபம். தேரடியில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறினால் எழும்பூர். அங்கிருந்து மயிலாடுதுறை அல்லது கும்பகோணத்துக்கு ரயில். இரண்டுக்கும் நடுவே, ஆடுதுறையை ஒட்டி இருக்கிறது நரசிங்கம்பேட்டை. அப்படியே கும்பகோணத்தில் கும்பேஸ்வரர் கோயிலில் இருக்கும் கல் நாகஸ்வரத்தையும் விசாரித்துவிட்டு வரலாம்.

இன்னொரு விஷயம். வட சென்னையோ தஞ்சாவூரோ, சொந்த ஊரில் தாத்தா காலத்து வீட்டை இடிப்பதாக இருந்தால், உத்தரம் என்ன மரம் என்று தச்சரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தேக்கு என்றால் வாங்க ஆள் தானாக வரும். ஆச்சா என்றால், விறகுக்குப் போடும் முன் நரசிங்கம்பேட்டைக்குத் தகவல் சொல்லுங்கள்.