நூறு கலம் நெல்லும் ஒரு டம்ளர் பானகமும்

டெல்டா நடை – 7

தஞ்சைப் பெரிய கோயிலில் ஆட வந்த பெண்களுக்கு ராஜராஜன் என்ன கொடுத்தான் என்பது திருச்சுற்று மாளிகைச் சுவரில் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நானூறு தளிச்சேரிப் பெண்டிர். ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன, எந்தத் தளிச்சேரியில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எல்லாம் வரிசையாக இருக்கிறது. தபால்காரர் கையில் கொடுத்தால் இன்றைக்கும் பட்டுவாடா செய்துவிடுவார். ஆட்டுவிக்கும் நட்டுவனாருக்கு இரண்டு பங்கு.

"கலத்துக்குப் பன்னண்டு மரக்கா. நூறு கலம்னா ஆயிரத்து எரநூறு மரக்கா. நல்ல சம்பளம்தான் மாப்ளே" என்றார் அத்தான். என் அக்கா கணவர். ஆயுசு முழுக்க நெல் அளந்தவர், கல்வெட்டையும் அளந்துதான் பார்ப்பார்.

இந்த வாரப் பயணத்துக்குக் காரணமே அவர்தான். போன வருஷம் மகள் கூப்பிட்டாள் என்று அக்காவும் அவரும் ஸ்பெயின் போயிருந்தார்கள். செவில் நகரத்தில் ஒரு சாயங்காலத்துக்கு மகள் டிக்கெட் எடுத்திருக்கிறாள். வழிகாட்டிப் பெண் ஒருத்தி பின்னால் சந்து சந்தாக நடந்து, மூன்று நான்கு மதுக்கடைகளில் ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நின்றபடியே சின்னத் தட்டில் இரண்டு வாய். 'தபாஸ்' என்பார்களாம். அக்காவுக்கு ஒத்துக்கொண்டது உருளைக்கிழங்கு போட்ட ஆம்லெட் மட்டும். கடைசியில் ஒரு சின்ன அரங்கில் ஒரு மணி நேரம் ஃபிளமெங்கோ. அந்தலூசியாவின் ஜிப்சிக் குடும்பங்கள் வீட்டுக்குள் பாடி ஆடியது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் காபிக் கடை மேடைக்கு வந்து, 2010-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. மொழி தெரியாத அக்கா பாட்டைக் கேட்டு அழுதுவிட்டாளாம்.

"அவ அழுதத விடு. எழுவது வயசுல செவில்ல போயி டான்ஸ் பாத்துட்டு வந்துட்டேன். நம்ம மெலட்டூர் நாடகத்த ஒரு தடவ பாத்துருக்கனா? வைகாசில ஒரு சாயந்தரம் நாமளே போட்டுப் பாப்பம், வா."

போட்டுப் பார்த்தோம். நரசிம்ம ஜெயந்தி அன்று, வெயில் தாழும் முன்னமே.

முதல் தட்டு திருவையாற்றில். தஞ்சாவூரிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து பாலம். ஐந்துக்கும் கீழே மணல்தான். மேட்டூரில் ஜூன் 12-ல் மதகு தூக்கினால்தான் இந்தப் பக்கம் தண்ணீர்; அதுவும் அணையில் இருப்பு இருந்தால். ஆண்டவர் கடையில் அசோகா. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, கோதுமை மாவை நெய்யில் வறுத்துச் சேர்த்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுச் சுருளச் சுருளக் கிளறியது. சுடச்சுடத் தின்ன வேண்டும். ஆறினால் நெய் உறைந்து பாதி ருசி போய்விடும். கூடவே ஒரு பிடி மிக்சர். இனிப்புக்கும் காரத்துக்கும் மாறி மாறிப் போய் வரும் வசதிக்காக இந்த ஜோடியைச் சேர்த்து வைத்தவர் யாரோ, அவருக்கும் ஒரு பங்கு நெல் தகும்.

கடையிலிருந்து காவிரிக் கரைக்கு நடந்தால் தியாகராஜர் சமாதி. இவர் வாங்கிய கூலியும் அரிசிதான். கையில் தம்பூராவோடு தெருவில் பாடிப் போகையில் வீட்டுக்காரர்கள் சொம்பில் போட்ட அரிசி, உஞ்சவிருத்தி. சரபோஜியின் அரண்மனை அழைப்பை வேண்டாம் என்றார் என்பது எல்லாரும் சொல்லும் கதை. 1847-ல் அவர் மறைந்து வெகுகாலம் கழித்து, புதர் மண்டிக் கிடந்த இந்த இடத்தைத் தேடி வந்து, கைப்பணத்தில் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் பிறந்தவர். அவர் கட்டிய இடத்திலேயே ஆராதனை நாளில் பெண்கள் பாடக் கூடாது என்று ஆண்கள் தடுத்தார்கள். அவர் பெண்களைக் கூட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில்தான் கோஷ்டிகள் ஒன்றாயின. இப்போது பஞ்சரத்தின கீர்த்தனைக்கு ஒரு பக்கம் முழுக்கப் பெண்கள் உட்கார்ந்து பாடுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தச் சண்டை தெரியாது.

தஞ்சாவூர் திரும்பியதும் மேல வீதி. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வரின் குடும்ப வீடு இந்த வீதியில்தான். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று டொராண்டோவில் அரங்கேற்றம் செய்யும் பெண் குழந்தை வரை எல்லாரும் ஆடும் வரிசையை ஒழுங்கு செய்தவர்கள் இந்த அண்ணன் தம்பிகள். இளையவர் வடிவேலு திருவனந்தபுரம் போய், சுவாதித் திருநாளிடம் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். அத்தான் வீட்டை வெளியிலிருந்தே பார்த்தார். "செவில்ல இந்த மாதிரி வீடு இருந்தா வாசல்ல டிக்கெட் குடுப்பான்" என்றார். அப்படிக் கொடுக்காததே மேல் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு அப்படித் தோன்றவில்லை; கொடுத்தால் வீடு நிற்கும் என்றார். இரண்டாவது தட்டு வரை அந்த வழக்கு ஓடியது.

இரண்டாவது தட்டு சந்திரகலா. மைதா மேலோட்டுக்குள் சர்க்கரை போட்ட கோவாவை வைத்து, ஓரத்தை முறுக்கி மூடிப் பொரித்து, பாகில் ஊறப்போட்டது. பிறை வடிவில் இருந்தால் சந்திரகலா, முழு வட்டமாக இருந்தால் சூரியகலா. வடக்கேயிருந்து வந்த பலகாரம். தெலுங்கு நாயக்கர், மராத்திய போன்சலே என்று வந்தவரையெல்லாம் உட்கார வைத்த ஊருக்கு இது ஒரு பெரிய விஷயமா?

மூன்றாவதுக்கு ஒரு மெஸ். இட்லியும் கடப்பாவும். கும்பகோணத்துப் பெயரில் இது ஓடினாலும் தஞ்சாவூரிலும் நன்றாகவே வைக்கிறார்கள். வெந்த பாசிப்பருப்பு, உதிர்த்த உருளைக்கிழங்கு, அதில் தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்து விட்டுக் கொதிக்க வைப்பது. மஞ்சள் பூசாத வெளிர் நிறம். சாம்பார் கேட்ட அத்தானிடம், சாம்பாஜி தஞ்சாவூர் வந்த அன்று ஷாஜி அரண்மனையில் பருப்பில் புளி ஊற்றியதுதான் முதல் சாம்பார் என்ற கதையைப் பரிமாறுகிறவர் சொல்லிக்கொண்டே ஊற்றினார். ஆதாரம் கேட்டால் யாரிடமும் இல்லாத கதை. அரண்மனைச் சாப்பாட்டுக்கு நிஜமான ஆதாரம் வேண்டுமென்றால் சரசுவதி மகால் நூலகம் வெளியிட்ட 'சரபேந்திர பாகசாஸ்திரம்' இருக்கிறது. இரண்டாம் சரபோஜியின் மடைப்பள்ளிப் பக்குவங்கள். கதைக்கு இருக்கும் கிராக்கி அந்தப் புத்தகத்துக்கு இல்லை.

டிகிரி காபி. கொழுந்து வெற்றிலை, சீவல். கார் திட்டை சாலையில் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

சாலையின் இரண்டு பக்கமும் தாளடி அறுத்த வயல். அதில் விதைத்த உளுந்தையும் பிடுங்கி அடித்தாகிவிட்டது. போர்வெல் வைத்தவர் வயல் மட்டும் அங்கங்கே பச்சை. மற்றவர்களுக்குத் தண்ணீர் வரும் வரை கையில் வேலையில்லை. மெலட்டூர் நாடகம் இந்த இடைவெளியில் வந்து விழுவது பஞ்சாங்கம் பார்த்த தேதிதான் என்றாலும், ராத்திரி முழுக்க ஒரு தெரு விழித்திருக்க வேண்டுமென்றால் மறுநாள் நாற்றங்கால் வேலை இருக்கக் கூடாதல்லவா?

மெலட்டூரும் நெல்லில் முளைத்த ஊர்தான். தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் தெலுங்கு பேசும் 510 அந்தணக் குடும்பங்களுக்கு வீடும் கிணறும் நிலமும் கொடுத்துக் குடியமர்த்தினார் என்று சொல்வார்கள். அச்சுதபுரம் என்பது பழைய பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த வெங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு நாட்டிய நாடகங்களைத்தான் ஆடுகிறார்கள்: பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம், ருக்மாங்கதன், மார்க்கண்டேயன், இன்னும் சில. சாஸ்திரி தியாகராஜருக்கு மூத்த தலைமுறை. 1930-களில் இந்தக் கலை மங்கிக் கிடந்தபோது இ. கிருஷ்ணய்யர் வெளியுலகத்துக்கு எடுத்துச் சொன்னார். பிற்பாடு ருக்மிணி தேவி 'உஷா பரிணய'த்தைக் கலாக்ஷேத்திராவில் மேடையேற்றினார். அங்கே பெண் வேடத்தைப் பெண்கள் கட்டினார்கள். மெலட்டூரில் இன்றும் எல்லா வேடமும் ஆண்கள்தான். மத்தியானம் திருவையாற்றில் நின்றுவிட்டு வந்த எனக்கு அது உறுத்தாமல் இல்லை. நானூறு பெண்கள் ஆடிய கோயிலுக்குப் பதினெட்டு கிலோமீட்டரில் பெண் வேடம்கூடப் பெண்ணுக்குக் கிடைக்காத நாடகம்.

வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கும் அக்கிரகாரத் தெருவிலேயே பந்தல், மேடை. ஊரில் இப்போது இரண்டு சங்கங்கள், இரண்டு மேடை. அன்றைக்குப் பிரகலாத சரித்திரம். டிக்கெட் கிடையாது. முன்வரிசை சுவாமிக்கு, நாமெல்லாம் அவருக்குப் பின்னால். பெஞ்சில் இடம் பிடிக்கும் முன்னமே கையில் பானகம் வந்துவிட்டது. வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. நரசிம்மருக்கு உகந்த நைவேத்தியம். ஊறவைத்த பாசிப்பருப்பில் தேங்காயும் மாங்காயும் சேர்த்த வடைப்பருப்பு, பின்னாலேயே நீர்மோர். நான்காவது தட்டுக்கு நாங்கள் காசு கொடுக்கவில்லை.

"நரசிம்மம் போடுறவரு இன்னைக்குப் பட்டினி, தெரியுமா?" என்றார் பக்கத்திலிருந்த பெரியவர். "பச்சத் தண்ணி பல்லுல படாது."

மத்தியானத்திலிருந்து தின்றுகொண்டே வந்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த முகமூடி வருஷம் முழுக்கப் பூஜையில் இருப்பது. அதை முகத்தில் தரிக்கிறவர் வெறும் வயிற்றோடு விரதமிருந்துதான் தரிக்க வேண்டும்.

கோணங்கி வந்தான். கூம்புத் தொப்பியும் கோமாளி நடையும். அவன் தெருவைச் சிரிக்க வைத்துப் போனதும் தோடய மங்களம். யானைமுகம் கட்டிய ஒரு சின்னப் பையன் பிள்ளையாராக ஆடினான். அவன் அம்மா பந்தல் கால் ஓரமாக நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அப்புறம் ஒவ்வொரு பாத்திரமாகப் பிரவேச தரு என்ற நுழைவுப் பாட்டோடு வந்தது. இரணியன் வந்து நிற்கவே அரை மணி நேரம். இதுதான் செவிலிலிருந்து மெலட்டூர் பிரியும் இடம். அங்கே ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து, அடுத்த கூட்டத்துக்கு நாற்காலி துடைத்தாக வேண்டும். இங்கே யாருக்கும் எங்கேயும் போக வேண்டியதில்லை. தூங்குகிறவர் தூங்குகிறார், பாட்டிமார் எழுந்து வீட்டுக்குப் போய்த் திரும்பி வருகிறார்கள், கதை அவர்களுக்காகக் காத்திருப்பதுபோல் அதே இடத்தில்தான் இருக்கிறது.

லீலாவதிக்காகவே வருகிறவர்கள் உண்டு. பிரகலாதனின் தாய். புருஷனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் அகப்பட்டவள். அந்த வேடம் கட்டியவர் நடுவயது ஆண் என்பது தெரிந்தே இருந்தது. தோள் அகலமும் குரலும் மறைக்கவில்லை. பிள்ளைக்கு விஷம் கொடுக்கச் சொல்லி இரணியன் உத்தரவிடும் கட்டத்தில், தெலுங்கு ஒரு வரி தெரியாத அத்தான் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவிடம் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

விடியலுக்குக் கொஞ்சம் முன்னால் தூண் பிளந்தது. முகமூடி வெளிப்பட்டதும் பந்தல் முழுக்க எழுந்து நின்றது, கை குவிந்தது. நரசிம்மத்தை இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆவேசம் வந்தவரை இரணியன் பக்கத்தில் விட முடியாது. வதம் முழுசாகக் காட்டப்படுவதில்லை. நெருங்குவதும் இழுத்து நிறுத்துவதும்தான். எல்லாம் அடங்கிய பிறகு முகமூடியைக் கழற்றியபோது உள்ளே இருந்தவருக்கு முகமெல்லாம் வேர்வை. கண் எங்கேயோ இருந்தது.

காலையில் டீக்கடையில் லீலாவதியைப் பார்த்தோம். தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்தும் காதோரம் மஞ்சள் போகவில்லை. சென்னையில் வேலை. ஆடுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இப்படி வெளியூர்களில் பேங்கிலும் கம்பெனியிலும் இருந்து, மே மாதம் லீவு போட்டு வருகிறவர்கள்தான்.

"சம்பளம் ஏதும் உண்டுங்களா?" என்று அத்தான் கேட்டார்.

"கைக்காசு போகாம இருந்தா போதும் சார்" என்று சிரித்தார் அவர். "லீவு கிடைக்கறதுதான் கஷ்டம். மேனேஜர்ட்ட அம்மா வேஷம் போடப் போறேன்னு சொல்ல முடியுமா?"

அவருடைய டீக்கும் வடைக்கும் அத்தான் முந்திக்கொண்டு காசு கொடுத்தார். அவர் வேண்டாம் என்று மறுக்க, இவர் விடவில்லை. காரில் ஏறியதும், இதை வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு சாயங்காலச் சுற்றுலாவாகப் போட முடியுமா என்று மறுபடி கணக்குப் பார்க்கத் தொடங்கினார். ராத்திரி முழுக்க யார் உட்காருவார்கள் என்றேன். "ரெண்டு மணிக்கு ஒரு காபி குடுத்தா உக்காருவான்" என்றார்.

அதே இரவில் சாலியமங்கலத்திலும் பிரகலாத நாடகம் நடந்தது. அடுத்த வாரம் அங்கே.